ஒரு புள்ளிக்கு என்ன விலை?

1910இல் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர் லண்டன் ராயல் சொசைட்டியில் ஒரு கட்டுரை கொடுத்தார். கல்லால் கட்டிய அணையின் உடம்புக்குள் தகைவு எப்படிப் பரவுகிறது என்பது கேள்வி. சமன்பாடு தெரியும், அணையின் வடிவத்துக்கு அதைத் தீர்க்கும் வழிதான் இல்லை. அதனால் குறுக்குவெட்டின் மேல் கட்டம் போட்டார். ஒவ்வொரு கட்டப் புள்ளியிலும் பக்கத்துப் புள்ளிகளின் மதிப்பைக் கொண்டு கூட்டல் கழித்தல் செய்து, திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டே போனார். அந்தக் கணக்கைப் போட்டவர்கள் கூலிக்கு அமர்த்திய பையன்கள். கூலி விவரமும் கட்டுரையிலேயே இருக்கிறது: எண்ணில் எத்தனை இலக்கமோ அதைப் பதினெட்டால் வகுத்தால் வருவது எவ்வளவோ, ஒரு புள்ளிக்கு அத்தனை பென்னி. தப்பாய்ப் போட்டதற்குக் காசு கிடையாது. கெட்டிக்காரப் பையன் ஒருவன் மூன்றிலக்க எண்களில் வாரத்துக்குச் சராசரியாக 2,000 கணக்குகளை முடித்தானாம்.

ஒரு நூற்றாண்டு கழிந்துவிட்டது. பையன்கள் இருந்த இடத்தில் கணினி வந்தது. புள்ளிகள் கோடிக்கணக்கில் பெருகின. மற்றபடி பேரம் அதேதான். புள்ளிகளை நெருக்கினால் விடை உண்மைக்குப் பக்கத்தில் வரும், செலவு ஏறும். தளர்த்தினால் செலவு இறங்கும், விடை எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. கார், விமானம், பாலம், பம்பு, செயற்கை இடுப்பு மூட்டு என்று எதைக் கணினியில் சோதிப்பதானாலும் முதலில் அதன் முப்பரிமாண வடிவத்தை எழுப்பி, அதைச் சின்னச் சின்ன எலிமென்ட்களாக அறுத்தாக வேண்டும். அப்படி அறுத்தால் கிடைப்பதுதான் மெஷ். இதை ஏதோ முன்தயாரிப்பு வேலை போலவும், உண்மையான கணக்கு பிறகு சால்வரில்தான் நடப்பது போலவும் பேசுவது வழக்கம். எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. சால்வர் அறுபது எழுபது ஆண்டாக மெருகேறிய கணிதம். கொடுத்ததைத் தீர்த்துத் தரும். எதைத் தீர்க்கக் கொடுக்கிறோம் என்பதை முடிவு செய்வது மெஷ். பொறியாளரின் அறிவு அதிகம் தேவைப்படுவதும், சறுக்கினால் சறுக்குவதும் அங்கேதான்.

ரிச்சர்ட்சனின் சதுரக் கட்டத்துக்கு ஒரு குறை உண்டு. சாய்ந்த விளிம்போ வளைவோ வந்தால் அது படிக்கட்டாகிவிடும். முக்கோணத்துக்கு அந்தச் சங்கடம் இல்லை. ரிச்சர்ட் கூரான்ட் 1943இல் வெளியிட்ட ஒரு கட்டுரையின் பிற்சேர்க்கையில், உள்ளே பொந்துள்ள சதுரத் தண்டை முறுக்கும் கணக்கை முக்கோணங்களாகப் பிரித்துப் போட்டுக் காட்டினார். கணிதர்கள் படித்தார்கள், பொறியாளர்கள் கண்ணில் அது படவில்லை. 1950களில் ஜெட் விமானங்களின் முக்கோணச் சிறகுகள் பழைய உத்திரக் கணக்குக்கு அடங்க மறுத்தபோது, போயிங்கோடு சேர்ந்து உழைத்த டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் ஆகிய நால்வரும் சிறகின் தகட்டை முக்கோணத் துண்டுகளாக எடுத்துக்கொண்டு கணக்கிடும் முறையை 1956இல் வெளியிட்டார்கள். அதற்கு ஃபைனைட் எலிமென்ட் என்று பெயர் வைத்தவர் ரே கிளஃப், 1960இல். சாரம் எளிது. ஒவ்வொரு துண்டுக்குள்ளும் இடப்பெயர்ச்சி ஒரு சுலபமான சூத்திரப்படி மாறுகிறது என்று வைத்துக்கொள்வது. துண்டுகள் சந்திக்கும் நோட்களில் ஒன்றோடொன்று பொருந்தச் செய்வது. துண்டுக்குள் உண்மையில் நடப்பது அந்தச் சூத்திரத்தைவிடச் சிக்கலானது என்றால், துண்டுக்கு அது தெரியாது. சால்வருக்கும் தெரியாது.

நேரம் எங்கே போகிறது என்ற கேள்விக்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் பதில் 2005இல் வந்தது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஹ்யூஸ், தம் கூட்டாளிகள் காட்ரெல், பாசிலெவ்ஸ் இருவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில், வாகனம், விமானம், கப்பல் துறைகளில் மொத்தப் பகுப்பாய்வு நேரத்தில் சுமார் 80 சதவீதம் மெஷ் உருவாக்குவதிலேயே கரைகிறது என்றார்கள். இதில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். அந்த எண்பதிலும் பெரும்பங்கை விழுங்குவது அறுக்கும் வேலை அல்ல. அறுப்பதற்கு ஏற்றதாக வடிவத்தைச் சரிசெய்யும் வேலை. மெஷ் ஆராய்ச்சியின் வரலாற்றை எழுதுபவர்கள் முக்கோணம், நான்முகி என்று நேராக அல்காரிதத்துக்குப் போய்விடுகிறார்கள். வேலை செய்பவர்களைக் கேட்டால் வடிவத்தைப் பற்றித்தான் புலம்புவார்கள்.

கணினி வடிவமைப்பின் இன்றைய வளைபரப்புகள் பிறந்தது பிரெஞ்சுக் கார் தொழிற்சாலைகளில். சிட்ரோயனில் பால் தெ காஸ்டெல்ஜோ 1950களின் கடைசியிலும், ரெனோவில் பியேர் பெசியே 1960களிலும், கார் உடலின் வளைவுகளைச் சில கட்டுப்பாட்டுப் புள்ளிகளால் பிடித்து நிறுத்தும் கணிதத்தைத் தனித்தனியே கண்டார்கள். சிட்ரோயன் அதைத் தொழில் ரகசியமாக வைத்திருந்ததால் பெயர் பெசியேக்குப் போனது. இந்தப் பரப்புகள் தனியாக இருக்கும்வரை அழகு. இரண்டை வெட்டிச் சேர்க்கும்போதுதான் வினை. இரண்டு திசையிலும் மூன்றாம் படி கொண்ட ஒரு பரப்பை ஒற்றைச் சமன்பாடாக எழுதினால் அது 18ஆம் படியில் போய் நிற்கும். அப்படி இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று வெட்டும் கோடு பொதுவாக 324ஆம் படி. அதைத் துல்லியமாக எந்த மென்பொருளும் சேமிப்பதில்லை. தோராயமான ஒரு வளைவை வரைந்து, இவ்வளவு சகிப்பெல்லைக்குள் இருந்தால் போதும் என்று ஏற்றுக்கொள்கிறது.

ஆக, திரையில் ஒரே உடலாகப் பளபளக்கும் அந்த இயந்திரப் பாகம் உண்மையில் தையல் போட்ட சட்டை. ஒவ்வொரு தையலிலும் கண்ணுக்குத் தெரியாத இடைவெளியோ மடிப்போ இருக்கும். வரைந்த மென்பொருளுக்குத் தன் சகிப்பெல்லை தெரியும் என்பதால் அது குழம்பாது. அதே பாகம் ஸ்டெப் கோப்பாக வெளியேறி, வேறு சகிப்பெல்லை கொண்ட இன்னொரு மென்பொருளுக்குள் நுழையும்போது தையல் பிரிகிறது. நீர் புகாத உடல் என்று நம்பியது ஓட்டையான மேலோடாக வந்து நிற்கிறது. பரிமாற்றத்துக்கான ஸ்டெப் தரம் சர்வதேசத் தரமாக 1994இலிருந்து இருக்கிறது. வடிவத்தை அது ஒழுங்காகத்தான் சுமந்து வருகிறது. ஆனால் எவ்வளவு இடைவெளியை இடைவெளி என்று எண்ண வேண்டும் என்பதில் அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் உடன்பாடு வருவதில்லை.

இதைவிட ஆழமான சிக்கல் நோக்கத்தில் இருக்கிறது. வரைபடம், பாகத்தைச் செய்து முடிப்பதற்காக வரையப்பட்டது. கணக்குப் போடுவதற்காக அல்ல. வார்ப்பில் செய்த ஒரு கியர்பாக்ஸ் மேலுறையை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சிலிருந்து கழற்றுவதற்காகச் சுவர்கள் லேசாகச் சாய்ந்திருக்கும். எல்லா விளிம்பும் ஃபில்லட் போட்டு உருட்டப்பட்டிருக்கும். பக்கத்தில் பாக எண் புடைப்பாக எழுதியிருக்கும். போல்ட் துளைகளில் மரை வரைந்திருக்கும். இப்படியே மெஷ் மென்பொருளிடம் கொடுத்தால், பாக எண்ணின் எழுத்துகளைச் சுற்றி ஆயிரக்கணக்கில் எலிமென்ட்களைக் கொட்டிவிட்டு, சுமை தாங்கும் விலாவில் இரண்டே இரண்டைப் போட்டு முடிக்கும். எழுத்தை அழிப்பதில் யாருக்கும் தயக்கமில்லை. ஃபில்லட்டில்தான் தகராறு. அதிர்வெண் பார்க்கிறோமா? ஃபில்லட்டைத் துடைத்துவிடலாம், விறைப்பில் பெரிய மாற்றம் வராது. களைப்பு முறிவு பார்க்கிறோமா? விரிசல் பிறக்கும் இடமே அந்த ஃபில்லட்தான்; துடைத்தால் கேள்வியையே துடைத்ததாகும். இன்னும் மோசம், உள்மூலை கூராகிவிடும். கூரான உள்மூலையில் நெகிழ்வுக் கோட்பாட்டின்படி தகைவுக்கு எல்லை இல்லை. மெஷ்ஷை எவ்வளவு நுணுக்கினாலும் எண் ஏறிக்கொண்டே போகும். அது எங்கும் நிற்காது. ஒரே பாகம், ஒரே ஃபில்லட். கேள்வி மாறினால் மெஷ் மாற வேண்டும்.

தகட்டு வேலையில் வேறு விதம். காரின் கதவுத் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன். அதைக் கனவுருவமாக அறுத்தால் எலிமென்ட் எண்ணிக்கை கைமீறிப் போகும். எனவே தடிமனுக்கு நடுவே ஒரு பரப்பை எடுத்து, அதில் ஷெல் எலிமென்ட் பரப்பி, தடிமனை எண்ணாகக் கொடுப்பார்கள். நடுப்பரப்பு எடுப்பது கேட்க எளிது. மூன்று தகடுகள் சேரும் இடத்திலும், தடிமன் மாறும் இடத்திலும், விலா வந்து முட்டும் இடத்திலும் நடுப்பரப்புகள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும். இழுத்து ஒட்ட வேண்டும். எதை எங்கே இழுப்பது என்று ஆள்தான் முடிவு செய்ய வேண்டும்.

அந்த ஆள் இன்று பெரும்பாலும் நம் ஊர்க்காரர். சென்னை, கோவை, பெங்களூரு, புனே நகரங்களில் மெக்கானிக்கல் படித்துவிட்டு ஹைப்பர்மெஷ் என்ற மென்பொருளைக் கற்றுக்கொண்டு, வெளிநாட்டுக் கார் நிறுவனங்களின் பாகங்களுக்கு மெஷ் போட்டுத் தருவது ஒரு தலைமுறையின் முதல் வேலையாக இருந்திருக்கிறது. கையில் கிடைப்பது வடிவக் கோப்பும் ஒரு பட்டியலும்: சராசரி எலிமென்ட் அளவு இவ்வளவு, வார்பேஜ் என்ற முறுக்கல் இவ்வளவுக்குள், ஜேக்கோபியன் என்ற வடிவ அளவுகோல் இதற்கு மேல், முக்கோணம் இத்தனை சதவீதத்துக்கு மிகாமல். சுமை எங்கே விழுகிறது என்பது பல நேரம் அந்தப் பட்டியலில் இருக்காது. பட்டியலைத் தாண்டாத மெஷ் நல்ல மெஷ். இதன் விபரீதத்துக்குப் பிறகு வருகிறேன்.

இனி அறுக்கும் கலை. தளத்தில் விஷயம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. சோவியத் கணிதர் போரிஸ் டெலோனே 1934இல் சொன்ன நிபந்தனை: எந்த முக்கோணத்தின் சுற்றுவட்டத்துக்குள்ளும் வேறு புள்ளி இருக்கக் கூடாது. கொடுத்த புள்ளிகளில் மிகச் சிறிய கோணத்தை முடிந்தவரை பெரிதாக்குகிற முக்கோணமாக்கல் அதுவே. 1981இல் போயர், வாட்சன் இருவரும் ஒரே பத்திரிகையின் ஒரே இதழில், எந்தப் பரிமாணத்திலும் புள்ளிகளை ஒவ்வொன்றாக நுழைத்து இதைக் கட்டும் வழியைத் தனித்தனியே வெளியிட்டார்கள். புள்ளிகளை எங்கே சேர்த்தால் கோணத்துக்கு உத்தரவாதம் கிடைக்கும் என்பதை 1980களின் கடைசியிலிருந்து பால் செவ்வும் ஜிம் ரப்பர்ட்டும் நிறுவினார்கள். ஜோனதன் ஷூச்சுக் எழுதிய ட்ரையாங்கிள் என்ற இலவச நிரல் அதை எல்லார் கைக்கும் கொண்டுவந்தது.

முப்பரிமாணத்தில் இந்த நிம்மதி கிடையாது. எந்தப் பலகோணத்தையும் அதன் முனைகளை மட்டும் வைத்தே முக்கோணங்களாக்கலாம். பல்முகத் திண்மத்துக்கு அது பொய் என்று 1928லேயே ஷோன்ஹார்ட் காட்டிவிட்டார்: ஒரு முக்கோணப் பட்டகத்தை லேசாக முறுக்கி, பக்கங்களை உள்பக்கமாக மடித்தால் வரும் ஆறு முனை உருவத்தை, புதிய புள்ளி சேர்க்காமல் நான்முகிகளாகப் பிரிக்கவே முடியாது. கொடுத்த திண்மம் அப்படிப்பட்டதா இல்லையா என்று கண்டுபிடிப்பதே கணினிக்கு மிகக் கடினமான வகைக் கேள்வி என்று ரப்பர்ட்டும் சைடலும் நிறுவினார்கள். டெலோனே நிபந்தனையும் இங்கே பாதிதான் காக்கும். ஒரு கோளத்தின் நடுக்கோட்டருகே நான்கு புள்ளிகளைச் சம இடைவெளியில் வையுங்கள். பக்கங்களின் நீளத்தில் குறை சொல்ல முடியாது. கன அளவோ கிட்டத்தட்ட சுழி. சில்லாக நசுங்கிய இந்த நான்முகிகளை ஒழிப்பதற்கென்றே ஒரு ஆராய்ச்சிக் கிளை வளர்ந்தது. டெலோனே வழி, மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி அடுக்கடுக்காக நான்முகி வைத்துக்கொண்டு போகும் முன்னேறு முனை வழி, கனசதுரத்தை எட்டெட்டாகப் பிளந்துகொண்டே போகும் ஆக்ட்ரீ வழி என்று மூன்று மரபுகள் இருந்தாலும், இன்று பெயர்பெற்ற நிரல்கள் மூன்றையும் தேவைக்கேற்பக் கலந்துதான் ஓடுகின்றன. ஜிமெஷ், நெட்ஜென், டெட்ஜென் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. நீர் புகாத, சுத்தமான வடிவம் கையில் இருந்தால் நான்முகி மெஷ் என்பது இன்று ஒரு பொத்தான் தூரம்.

அப்படியிருந்தும் அறுமுகிக்கு மவுசு குறையவில்லை. செங்கல் வடிவ ஹெக்ஸா எலிமென்ட்களால் நிரப்பிய மெஷ்ஷைப் பார்த்தால் அனுபவசாலிகளின் முகம் மலரும். காரணம் உண்டு. நான்கே நோட் கொண்ட நான்முகிக்குள் தகைவு மாறவே மாறாது; வளையும் பாகத்தில் அது உண்மையைவிட விறைத்து நிற்கும், ரப்பர் போன்ற கனம் மாறாப் பொருளில் இறுகிப் பூட்டிக்கொள்ளும். ஒரு செங்கல்லை நான்முகிகளாக்கக் குறைந்தது ஐந்து வேண்டும் என்பதால் எண்ணிக்கையும் கூடும். ஆனால் எந்த வடிவத்தையும் தானாக ஹெக்ஸாவாக்கும் வழி இன்னும் பிடிபடவில்லை. தர்ஸ்டன், மிட்செல் இருவரும் 1990களில் நிறுவியது இது: கோளம் போன்ற உடலின் மேற்பரப்பில் இரட்டைப்படை எண்ணிக்கையில் நாற்கரங்கள் இருந்தால் உள்ளே ஹெக்ஸா இணைப்பு உண்டு. உண்டு என்பதோடு சரி. அந்த ஹெக்ஸாக்கள் நேராக இருக்கும் என்ற உறுதி அதில் இல்லை. ஷ்னைடர்ஸ் முன்வைத்த புதிர் இதன் கொடுமையைச் சொல்லும். சதுர அடி கொண்ட ஒரு சாதாரணப் பிரமிடு; அடியை நான்கு நாற்கரமாகவும் ஒவ்வொரு முக்கோணப் பக்கத்தையும் மூன்று நாற்கரமாகவும் பிரித்து, மொத்தம் பதினாறு. உள்ளே ஹெக்ஸா நிரப்புங்கள் என்றார். யாமகாவா, ஷிமாடா இருவரும் 88 ஹெக்ஸாவில் செய்து காட்டினார்கள். 2018இல் ஒரு குழு 44க்கும் இன்னொரு குழு 36க்கும் இறக்கியது. ஒரு குழந்தை வரையும் பிரமிடுக்கே இந்தப் பாடு.

அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகம் க்யூபிட் என்ற மென்பொருளைச் சுற்றிப் பல ஆண்டு இதன் பின்னால் ஓடியது. என் கருத்தில் இந்த ஓட்டத்துக்குக் கொடுத்த விலை அதிகம். பக்க நடுவிலும் நோட் வைத்த பத்து நோட் நான்முகி, பெரும்பாலான வலிமைக் கணக்குக்குப் போதுமான துல்லியம் தருகிறது. மோதல், உலோக வடிப்பு, ரப்பர் போன்ற துறைகளில் ஹெக்ஸாவுக்கு நியாயம் இருக்கிறது. மற்ற இடங்களில் அது பெரும்பாலும் பழக்கமும் அழகுணர்ச்சியும்தான்.

அழகான எலிமென்ட் நல்ல எலிமென்ட்டா என்ற கேள்விக்கும் கணிதம் பதில் சொல்லியிருக்கிறது. 1968இல் ஸ்லாமல் சிறிய கோணம் வேண்டாம் என்றார். 1976இல் பாபுஷ்காவும் அஸீஸும் அதைத் திருத்தினார்கள்: சிறிய கோணம் இருந்தால் பரவாயில்லை, 180 பாகையை நெருங்கும் பெரிய கோணம்தான் கெடுக்கும். காற்றோட்டக் கணக்கு செய்பவர்களுக்கு இந்தத் திருத்தம் உயிர். விமானச் சிறகின் மேல் காற்று வழுக்கிப் போகும்போது, பரப்பை ஒட்டிய மெல்லிய படலத்துக்குள் வேகம் சுழியிலிருந்து முழு அளவுக்கு ஏறுகிறது. உராய்வு முழுவதும் அங்கேதான் பிறக்கிறது. ஏழு மீட்டர் அகலச் சிறகுக்குக்கூட முதல் அடுக்கு எலிமென்ட்டின் உயரம் சில மைக்ரோமீட்டரிலிருந்து சில பத்து மைக்ரோமீட்டர்வரைதான் இருக்க வேண்டும். பத்து மைக்ரோமீட்டர் கனசதுரங்களாகவே அடுக்கினால் ஒரு சதுர மீட்டர் பரப்பின் ஓர் அடுக்குக்கே ஆயிரம் கோடி வேண்டும். எனவே எலிமென்ட்டைப் பரப்பின் வாக்கில் ஆயிரம் மடங்கு நீட்டித் தட்டையாக்குகிறார்கள். சுவரிலிருந்து விலக விலக உயரத்தை அடுக்குக்கு 1.2 மடங்கு வீதம் கூட்டுகிறார்கள். சிறகும் உடலும் சேரும் மூலையில் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் அடுக்குகள் மோதிக்கொள்ளும். அந்த மூலையில் மெஷ் போட்டவருக்குத்தான் அதன் வலி தெரியும். கட்டமைப்புப் பட்டியலில் இந்த எலிமென்ட்டை வைத்தால் முதல் வரியிலேயே தள்ளுபடியாகும். காற்றுக்கோ இதுதான் சரியான எலிமென்ட்.

மோதல் சோதனையில் அளவுகோல் வேறு. அங்கே காலத்தைச் சிறு சிறு அடியாக நகர்த்துவார்கள். ஒரு அடிக்குள் ஒலி அலை ஒரு எலிமென்ட்டைத் தாண்டக் கூடாது. கூரான்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி மூவரும் 1928இல் கண்ட நிபந்தனை (அதே கூரான்ட்தான்). எஃகில் ஒலி நொடிக்கு சுமார் 5,000 மீட்டர். எலிமென்ட் 5 மில்லிமீட்டர் என்றால் அடி ஒரு மைக்ரோநொடி. பத்தில் ஒரு நொடி நீடிக்கும் மோதலுக்கு ஒரு லட்சம் அடி. இருபது லட்சம் எலிமென்ட்களுக்கு நடுவே ஒரே ஒரு எலிமென்ட் அரை மில்லிமீட்டராகச் சுருங்கிவிட்டால் முழுக் காரும் பத்து லட்சம் அடி நடந்தாக வேண்டும். அதனால்தான் ஏதோ மூலையில் கிடக்கும் ஒற்றைச் சின்ன எலிமென்ட்டை அப்படித் துரத்துகிறார்கள்.

முன்பு சொன்ன விபரீதத்துக்கு இப்போது வருகிறேன். 23 ஆகஸ்ட் 1991. நார்வேயின் ஸ்டாவாங்கர் அருகே கான்ட்ஸ்ஃபியோர்டில், வட கடல் எரிவாயுத் தளமான ஸ்லைப்னர் ஏ-யின் கான்கிரீட் அடித்தளம் மிதந்துகொண்டிருந்தது. 24 உருளை அறைகளை ஒட்டி வைத்த பிரமாண்டக் கட்டமைப்பு. நான்கு அறைகள் மேலே தூண்களாக நீண்டு தளத்தைத் தாங்க வேண்டும். மேல்தளத்தை ஏற்றுவதற்கு முன்னோட்டமாக, நீரை உள்ளே விட்டு ஆழமாக அமிழ்த்திப் பார்த்தார்கள். ஓர் அறையின் சுவர் உடைந்தது. நீர் புகுந்த வேகத்துக்கு எந்தப் பம்பும் ஈடு கொடுக்கவில்லை. ஆட்கள் தப்பினார்கள். அடித்தளம் கடல் தரையில் மோதி நொறுங்கியது ரிக்டர் அளவில் 3 என்று நிலநடுக்கமாகப் பதிவானது. இழப்பு சுமார் 70 கோடி டாலர்.

உடைந்த இடம் மூன்று உருளைகள் சந்திக்கும் முக்கோண இடைவெளியின் சுவர். அந்த இடைவெளி மேலே திறந்திருந்ததால் கடல்நீர் முழு அழுத்தத்தோடு உள்ளே நின்றது. பக்கத்து அறைகளில் அந்த அழுத்தம் இல்லை. சுவரை உள்ளிருந்து தள்ளும் இந்த விசைக்குச் சுவரின் முனைகளில் எழும் வெட்டு விசைதான் முக்கியம். மொத்தக் கட்டமைப்பையும் நாஸ்ட்ரான் என்ற புகழ்பெற்ற மென்பொருளில் கணக்கிட்டிருந்தார்கள். ஆனால் அந்த மூலையில் எலிமென்ட்கள் சொற்பம், அவையும் கோணிக் கிடந்தன. எலிமென்ட்டுக்குள் கிடைத்த எண்களை நீட்டிச் சுவரின் முனைக்குக் கொண்டுபோனபோது வெட்டு விசை உண்மையைவிட சுமார் 45 சதவீதம் குறைவாக வந்தது. அந்தக் குறைந்த எண்ணை நம்பிக் கம்பி கட்டினார்கள். கம்பியை நங்கூரமிட்ட விதமும் போதவில்லை. விபத்துக்குப் பின் அதே மூலையை நுணுக்கமான மெஷ்ஷில் கணக்கிட்டபோது சுவர் 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று வந்தது. உண்மையில் உடைந்தது சுமார் 65 மீட்டரில்.

இந்தக் கதையை மென்பொருள் பிழை என்று சொல்பவர்கள் உண்டு. நாஸ்ட்ரானில் பிழை எதுவும் இல்லை. கொடுத்த மெஷ்ஷுக்கு அது சரியான விடையைத்தான் தந்தது. மாற்று அடித்தளத்தின் வடிவமைப்பை, கணினிக்காகக் காத்திராமல், பழைய பாணிக் கைக்கணக்கை நம்பித் தொடங்கினார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. சுவரின் நீளம், நீரின் அழுத்தம் இரண்டையும் வைத்து முனையின் வெட்டு விசையைக் கையால் மதிப்பிட ஒரு பொறியாளருக்கு அரை மணி நேரம் ஆகாது. அந்த மதிப்பீட்டை முதலிலேயே மெஷ்ஷின் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் 45 சதவீத வேறுபாடு கண்ணை உறுத்தியிருக்கும்.

இதற்கான முறையான மருந்தும் பழையதே. ஒரே கணக்கை இரண்டு மூன்று அளவு மெஷ்ஷில் போட்டு, விடை எப்படி நகர்கிறது என்று பார்ப்பது. அந்த நகர்வை வைத்து எல்லையில்லா நுணுக்கத்தில் என்ன வரும் என்று ஊகிப்பது. இதையும் ரிச்சர்ட்சன்தான் முதலில் சொன்னார். பேட்ரிக் ரோச் 1994இல் இதை ஒரு பிழைக் குறியீடாக வடிவமைத்தார். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் திரவப் பொறியியல் இதழ் 1986லேயே, எண் பிழையை மதிப்பிடாத கட்டுரைகளை ஏற்பதில்லை என்று அறிவித்திருந்தது. தொழிற்சாலையில் இந்தப் பழக்கம் இன்னும் அரிது. முப்பரிமாணத்தில் அளவைப் பாதியாக்கினால் எலிமென்ட் எட்டு மடங்கு. கால அடியும் பாதியாகும் கணக்கில் செலவு பதினாறு மடங்கு. வெள்ளிக்கிழமை அறிக்கை கேட்டிருக்கும்போது இரண்டாவது மெஷ்ஷுக்கு யார் போவார்கள்?

கணினியே பிழையை மதிப்பிட்டுத் தேவையான இடத்தில் தானே நுணுக்கிக்கொள்ளும் முறை 1978இல் பாபுஷ்கா, ரைன்போல்ட் இருவரின் கட்டுரையோடு தொடங்கியது. 1987இல் சின்கீவிச், சூ இருவரும் அதைப் பொறியாளருக்கு எட்டும் எளிமைக்குக் கொண்டுவந்தார்கள். நாற்பது ஆண்டு ஆகியும் அது இயல்பான வேலைமுறையாகாததற்குக் காரணம் மறுபடியும் வடிவம்தான். வளைந்த பரப்பில் புதிய நோட் வைக்க வேண்டுமானால் உண்மையான வளைவு எங்கே என்று மூல வரைபடத்தைக் கேட்க வேண்டும். மெஷ்ஷோ கையால் சீர்படுத்தி, நடுப்பரப்பு எடுத்து, ஃபில்லட் துடைத்து வந்தது. மூல வரைபடத்தோடு அதன் தொப்புள்கொடி எப்போதோ அறுந்துவிட்டது. நாசா 2014இல் வெளியிட்ட, 2030ஐ நோக்கிய காற்றோட்டக் கணிப்புத் தொலைநோக்கு அறிக்கையும் வடிவத்தையும் மெஷ்ஷையும் பெரிய முட்டுக்கட்டையாகக் குறித்தது.

மெஷ்ஷே வேண்டாம் என்று தப்பிக்கும் முயற்சிகளும் பல. இதயத்துக்குள் ரத்தம் ஓடும் கணக்குக்காக சார்லஸ் பெஸ்கின் 1972இல், இதயச் சுவரைச் சாதாரணக் கட்டத்தில் அப்படியே மூழ்கவிட்டு, சுவர் இருக்கும் இடத்தில் விசையை மட்டும் புகுத்தினார். நாசாவின் கார்ட்3டி நிரல், கனசதுரக் கட்டத்தை விமானத்தின் பரப்பால் வெட்டிவிடுகிறது. உராய்வில்லாத காற்றுக்கு அது அற்புதமாக ஓடும். ஒட்டுப் படலம் வேண்டும் என்றால் அந்தக் கனசதுரங்கள் திணறும். ஹ்யூஸின் 2005 கட்டுரை முன்வைத்தது வேறு பாதை: வரைபடத்தின் வளைபரப்புக் கணிதத்தையே எலிமென்ட்டாக்கிவிட்டால் அறுக்கவே வேண்டாமே. கணிதமாக அழகான வழி. ஷெல்களில் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் வரைபடம் தருவது மேற்பரப்பை மட்டும், உள்ளுடம்பை அல்ல. மேற்பரப்பிலும் அந்த 324ஆம் படித் தையல்கள் அப்படியே இருக்கின்றன. ஒவ்வொரு தப்பித்தலும் தொல்லையை வேறு அறைக்கு மாற்றியதே ஒழிய வீட்டைவிட்டு அனுப்பவில்லை.

சமீபத்திய முன்னேற்றங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அடக்கமான ஒன்று. 2018இல் வந்த டெட்வைல்ட் என்ற நிரல், ஓட்டை, மடிப்பு, குறுக்குவெட்டு என்று எல்லா அழுக்கோடும் வரும் முக்கோணப் பரப்பை வாங்கிக்கொண்டு, இவ்வளவு சகிப்பெல்லைக்குள் பரப்பு நகரலாம் என்று ஒப்புக்கொண்டால், நான்முகி மெஷ் தந்தே தீரும். இணையத்தில் முப்பரிமாண அச்சுக்காகப் பலரும் ஏற்றிவைத்த பத்தாயிரம் வடிவங்களின் தொகுப்பு முழுவதிலும் அது தோல்வியில்லாமல் ஓடியது. வடிவம் சுத்தமாக வரும் என்று எதிர்பார்ப்பதை விட்டுவிட்டு, வராது என்று வைத்துக்கொண்டு தொடங்கியதுதான் அதன் பலம். வேகத்தில் பின்தங்கியிருந்தது, 2020இல் வந்த அடுத்த பதிப்பு அதையும் பெரிதும் சரிசெய்தது. ஃபில்லட்டை வைப்பதா விடுவதா என்று அதற்கும் தெரியாது.

இப்போது பழைய மெஷ்களைக் காட்டி இயந்திரத்துக்குக் கற்பிக்கும் முயற்சிகள் நடக்கின்றன. நல்லதுதான், நடுப்பரப்பு ஒட்டுவதில் கழிந்த இளமைகள் மிச்சமாகும். ஆனால் அதற்குக் கொடுக்கும் பாடப்புத்தகத்தைப் பாருங்கள். ஒரு மெஷ் கோப்பைத் திறந்தால் நோட் எண், மூன்று ஆயத்தொலைவுகள், எலிமென்ட் எண், அதன் நோட்களின் வரிசை, பொருளின் எண் ஆகியவை லட்சக்கணக்கான வரிகளில் ஓடும். இந்த ஃபில்லட்டை ஏன் துடைத்தார்கள், இந்த மூலையில் மட்டும் ஏன் நெருக்கினார்கள், சுமை எந்தத் திசையில் வருவதாக எண்ணினார்கள் என்பதற்கு அந்த வடிவமைப்பில் பத்தி கிடையாது. சில அலுவலகங்களில் மூத்தவர்கள் அதைத் தனிக் குறிப்பேட்டில் எழுத வைக்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் அந்தக் காரணம் மெஷ் போட்டவரின் தலையில் இருக்கிறது. அவர் வேலை மாறும்போது அவரோடு போய்விடுகிறது.